வனாமியா, டைகரா, வெள்ளை இறாலா: குளத்தின் மோசமான வேளையை வைத்து முடிவெடுப்போம்

குஞ்சு வாங்கக் கிளம்பும் இறால் விவசாயி முதலில் விசாரிப்பது விலையை. எந்த இறால், எந்தக் கவுண்டுக்கு (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற அளவு) என்ன விலை போகிறது, எத்தனை நாளில் பிடிக்கலாம் என்று கேட்பார். அடுத்து குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியைப் பற்றிக் கேட்பார். தண்ணீர் மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் 'உப்பு எவ்வளவு?' என்ற ஒரே எண்ணோடு முடிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விலை ஏறும், இறங்கும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் குளத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிற்கும், முதல் பெருமழையில் உப்பு எவ்வளவு சரியும், கத்திரி வெயிலில் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அந்த நேரத்தை எந்த இறால் தாங்குமோ அதுதான் உங்கள் குளத்துக்கான இறால். சராசரி தண்ணீரில் வனாமி, டைகர், வெள்ளை இறால் மூன்றுமே நன்றாக வளரும். சராசரியை வைத்து ஒப்பிட்டால் வனாமிதான் எப்போதும் ஜெயிக்கும், அந்த ஒப்பீட்டால் யாருக்கும் பயனில்லை.

முதலில் இறாலின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இறாலின் ரத்தத்துக்கு ஒரு உப்பு அளவு உண்டு. வனாமி, டைகர், நம் கடலின் வெள்ளை இறால் மூன்றிலும் அது ஏறத்தாழ 25 பிபிடி, அதாவது லிட்டருக்கு 25 கிராம் உப்புள்ள தண்ணீருக்குச் சமம். குளத்து உப்பும் அதே அளவில் இருந்தால் இறால் சும்மா இருக்கலாம், தின்றதெல்லாம் வளர்ச்சிக்குப் போகும். உப்பு அதற்குக் கீழே போனால் தண்ணீர் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசியும். செவுள்கள் இரவும் பகலும் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே போனால் இதே வேலை எதிர்த்திசையில் நடக்கும். இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும், தீவனத்திலிருந்து வரும் சக்தியும் வேண்டும். உப்பு சரியாக இல்லாத குளத்தில் தீவனம் கூடுதலாகத் தின்றும் எடை ஏறாமல் நிற்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இதற்கு மேல் ஓடு கழற்றும் வேலை வேறு. கழற்றிய உடனே இறால் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. புது ஓடு இறுகக் கால்சியமும் மக்னீசியமும் தேவை, அந்த நேரத்தில் ஆக்சிஜன் தேவையும் எகிறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரும்பகுதி இறால் ஒன்றாகக் கழற்றும். அதே இரவு கரண்டு போனால் காலையில் குளத்தோரம் இறால் மென்மையான ஓட்டோடு செத்துக் கிடப்பதைப் பார்க்க நேரும்.

மூன்றாவது விஷயம் நோய். நமக்கு இருப்பது போல ஒரு கிருமியை நினைவில் வைத்து எதிர்க்கும் ஆன்டிபாடி இறாலுக்குக் கிடையாது. ரத்த அணுக்களும், அவை உண்டாக்கும் சில நொதிகளும்தான் அதன் காவல். உப்பு சட்டென்று மாறினாலும், ஆக்சிஜன் இறங்கினாலும், அம்மோனியா ஏறினாலும் அந்த அணுக்களின் எண்ணிக்கை விழுகிறது. உடம்பில் அதுவரை அடங்கிக் கிடந்த வெள்ளைப்புள்ளி வைரஸ் அப்போதுதான் பெருக ஆரம்பிக்கும். மழை பெய்து சில நாளில் நோய் வந்தது என்று விவசாயிகள் சொல்வதற்கு இப்படியொரு உடலியல் காரணம் இருக்கிறது.

சரி, இப்போது இறால்களுக்கு வருவோம்.

வனாமி நம் கடலுக்கு உரியதல்ல. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்தது. இந்தியாவில் 2003-ல் சோதனை முறையில் வந்தது, 2009-ல் வணிக முறையில் வளர்க்க அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு டைகரைக் குளங்களிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே ஹேச்சரிகளுக்குப் போகின்றன. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். எஸ்.பி.எஃப். என்றால் குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லாத இறால் என்று மட்டுமே பொருள். நோயை எதிர்க்கும் இறால் என்று பொருள் இல்லை. குளத்தில் வைரஸ் இருந்தால் இதுவும் சாகும்.

தண்ணீர் விஷயத்தில் வனாமியின் பெரிய பலம் குறைந்த உப்பு. நன்றாகப் பழக்கிவிட்டால் 1, 2 பிபிடியில்கூட வளரும். மேலே 40 தாண்டியும் உயிரோடு இருக்கும், ஆனால் வளர்ச்சி மந்தமாகும். தரையில் ஒட்டிக் கிடக்காமல் தண்ணீரின் எல்லா மட்டத்திலும் நீந்துவதால் நெருக்கமாக விட முடிகிறது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர மீட்டருக்கு 60. தீவனத்தில் புரதம் 30 முதல் 35 சதவீதம் இருந்தாலே போதும், டைகருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். புரதம் குறைந்தால் ஒவ்வொரு கிலோ தீவனத்திலிருந்தும் தண்ணீரில் சேரும் அம்மோனியாவும் குறையும்.

ஆனால் அந்த நெருக்கம்தான் அதன் பலவீனமும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் குளத்தில் சதுர மீட்டருக்கு 50 விட்டால் 5 லட்சம் குஞ்சு. அதில் 80 சதவீதம் பிழைத்து 20 கிராமுக்கு வந்தால் 8 டன். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஒரு ஹெச்.பி.க்கு 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும் என்பது களத்தில் புழங்கும் கணக்கு. அப்படியானால் 16 முதல் 20 ஹெச்.பி. இரவு முழுக்க ஓட வேண்டும். ஒரு ஏரேட்டர் பழுதானாலும், ஜெனரேட்டர் அரை மணி நேரம் தாமதமானாலும் தாங்கும் இடைவெளி மிகவும் சின்னது. குளத்தில் ஆக்சிஜன் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு உச்சத்தில் இருக்கும். விடியற்காலை நாலிலிருந்து ஆறு மணிக்குள் அடிமட்டத்துக்கு வரும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 3-க்குக் கீழே தீவனம் எடுப்பது குறையும். ஆளும் மின்சாரமும் இல்லாத இடத்தில் 50 என்ற அடர்த்தியில் வனாமி விடுவது என் பார்வையில் சூதாட்டம். அதே வனாமியை 20, 25 என்று விட்டால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். வனாமி என்றாலே நெருக்கமாகத்தான் விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குறைந்த உப்பில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இளம் வனாமி இறாலை வைத்துத் தைவானில் நடந்த ஆய்வுகளில், 35 பிபிடியில் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 3.95 மில்லிகிராம் வரை பாதுகாப்பான அளவாகக் கணிக்கப்பட்டது. 15 பிபிடியில் அது 2.44-ஆக இறங்கியது. நைட்ரைட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது: 35 பிபிடியில் 25.7, 15 பிபிடியில் 6.1. தண்ணீரில் குளோரைடு குறைவாக இருந்தால் அது நுழைய வேண்டிய செவுள் வழியில் நைட்ரைட் நுழைந்துவிடுகிறது. ஆக, பக்கத்துக் கழிமுகக் குளத்தில் ஒன்றும் செய்யாத அதே நைட்ரைட் எண், உங்கள் போர் தண்ணீர்க் குளத்தில் இறாலைக் கொல்லலாம். சோதனைக் கிட் காட்டும் எண்ணை உப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.ஹெச்.சையும் அப்படியே. 30 டிகிரி வெப்பத்தில் பி.ஹெச். 8 என்றால் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 7 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும், 9 ஆனால் அது 40 சதவீதத்தை எட்டும். தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகி மாலையில் பி.ஹெச். 9-ஐத் தொடும் குளங்களில் இதனால்தான் மாலைத் தீவனம் தட்டில் மிஞ்சுகிறது.

போர் தண்ணீரில் பொட்டாசியம் குறைவாக இருப்பது மற்றொரு தொல்லை. உப்பு 4 பிபிடி காட்டும், ஆனால் அது கடலின் உப்பு அல்ல. தீவனம் தின்றதைப் பார்க்கும் தட்டான செக் ட்ரேயைத் தூக்கியதும் இறால் வளைந்து விறைத்து, தசை வெளுத்துப் போவது இதன் அடையாளம். கடல்நீரின் விகிதத்துக்குக் கொண்டுவர எளிய கணக்கு உண்டு: உப்பு அளவை 10.7-ஆல் பெருக்கினால் இருக்க வேண்டிய பொட்டாசியம், 39.1-ஆல் பெருக்கினால் மக்னீசியம், 11.6-ஆல் பெருக்கினால் கால்சியம், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். 4 பிபிடி தண்ணீரில் பொட்டாசியம் 43 இருக்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் 1.2 மீட்டர் தண்ணீர் நின்றால், 10 மில்லிகிராம் ஏற்றவே 240 கிலோ பொட்டாஷ் உரம் பிடிக்கும். இந்தச் செலவைச் சேர்க்காமல் 'போர் தண்ணீரில் வனாமி' என்று லாபக் கணக்குப் போடுகிறவர்களை நம்ப வேண்டாம்.

டைகர் இறாலின் கதை வேறு. 1990-களின் முதல் பாதியில் தமிழ்நாட்டுக் கரையை மாற்றியது அதுதான். 1994, 95 வாக்கில் வந்த வெள்ளைப்புள்ளி நோய் அதை வீழ்த்தியது. அந்தப் பயம் இன்னும் மனதில் இருப்பதால் டைகர் என்றாலே பலர் வேண்டாம் என்று தலையாட்டுகிறார்கள். ஆனால் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் டைகர் நல்ல உரம் கொண்ட இறால். உப்பு 10-லும் வளரும், 35-லும் வளரும். மெதுவாகப் பழக்கினால் அதற்குக் கீழேயும் தாங்கும். தாய்லாந்தில் நெல் விளையும் உள்நாட்டுச் சமவெளியில் 1990-களில் இதைத்தான் குறைந்த உப்பில் வளர்த்தார்கள். கையாளும்போதும் எளிதில் சாவதில்லை.

அதன் பலவீனம் தரை. டைகர் தரையோடு வாழ்கிறது, பகலில் சேற்றில் புதைந்தும் கிடக்கும். தரையில் கருஞ்சேறு சேர்ந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், நடுமட்டத்தில் நீந்தும் வனாமிக்கு முன்னால் அடிபடுவது டைகர்தான். ஹைட்ரஜன் சல்பைடு என்ற அந்த வாயு பி.ஹெச். குறையும்போது அதிக நச்சாகிறது, அதாவது விடியற்காலையிலும் மழை நாளிலும். ஆகவே டைகர் விடுகிறவருக்குத் தண்ணீர்ச் சோதனையைவிட முக்கியமானது போன அறுவடைக்குப் பிறகு குளத்தைக் காயவிட்டாரா, கருஞ்சேற்றை அள்ளினாரா என்பதுதான்.

டைகரை நான் ஆதரிப்பதற்குக் காரணம் அடர்த்திக் கணக்கு. சதுர மீட்டருக்கு 8 விட்டு, 70 சதவீதம் பிழைத்து, 35 கிராமுக்கு வந்தால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 2 டன். அதற்கு 4, 5 ஹெச்.பி. போதும். கரண்டு போனாலும் ஆளை எழுப்பி ஜெனரேட்டரைப் போட நேரம் இருக்கும். வளர 120 முதல் 150 நாள் ஆகும் என்பது உண்மை. ஆனால் பெரிய அளவு இறாலுக்குக் கிடைக்கும் விலை அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். நோயற்ற தாய் இறாலிலிருந்து வந்த டைகர் குஞ்சும் இப்போது கிடைக்கிறது. கடலில் பிடித்த தாயிலிருந்து வந்த குஞ்சு என்றால் பி.சி.ஆர். சோதனை இல்லாமல் ஒன்றைக்கூட குளத்தில் விடக் கூடாது.

மூன்றாவது நம் கடலின் வெள்ளை இறால். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதன் மரபுத்தரத்தை உயர்த்தும் திட்டத்தை நடத்துகிறது, 2022-ல் அது தேசியத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. தாய் இறாலுக்காக வெளிநாட்டை நம்பியிருக்கும் ஒரு தொழிலுக்கு இந்த முயற்சி மிகவும் அவசியம். தண்ணீரில் இதன் பலம் உயர்ந்த உப்பு. செங்கடல் கரையில் சவுதி அரேபியா பல ஆண்டுகள் இதைத்தான் பெரிய அளவில் வளர்த்தது, அங்கே கடலே 40 பிபிடியை ஒட்டி இருக்கும். பின்னர் வெள்ளைப்புள்ளி நோய் வந்து அவர்கள் வனாமிக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உப்பைத் தாங்குவதும் நோயைத் தாங்குவதும் வேறு வேறு.

பலவீனங்களையும் மறைக்க வேண்டாம். கையாளும்போது சீக்கிரம் துவளும், ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுக்கும். உப்பு மிகக் குறைந்த போர் தண்ணீரில் வனாமி போல நின்று வளராது. வனாமி அளவுக்கு எடையும் ஏறாது. 15, 16 கிராமில் பிடிக்கத் தயாராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நல்ல குஞ்சு தொடர்ந்து கிடைக்குமா என்பதை முன்பே உறுதி செய்துகொண்டு இறங்க வேண்டும்.

நண்டைச் சேர்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சேற்று நண்டு உப்பு ஏற்ற இறக்கத்தையும் குறைந்த ஆக்சிஜனையும் மூன்று இறாலையும்விட நன்றாகத் தாங்கும். தண்ணீர் கெட்டால் கரையேறியே வந்துவிடும். சீர்காழிப் பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் நண்டு ஹேச்சரியும் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒன்று தின்பதைத் தடுப்பதே பெரிய வேலை. சின்னக் குளம், வேலி, மறைவிடம் எல்லாம் வைத்துச் செய்கிறவருக்குத்தான் அது சரிவரும். இந்த ஒப்பீட்டில் அதை இதோடு விடுகிறேன்.

இனி குளங்களை வைத்துப் பார்ப்போம். வேதாரண்யம், தூத்துக்குடி போல உப்பளங்களுக்குப் பக்கத்தில் குளம் வைத்திருப்பவருக்குச் சித்திரை, வைகாசியில் உப்பு 40-ஐத் தாண்டுவது சாதாரணம். அங்கே மாசியில் குஞ்சு விட்டால், வளர்ச்சி வேகமாக இருக்க வேண்டிய கடைசி நாற்பது நாளும் உச்ச உப்பில் கழியும். நல்ல தண்ணீர் கலந்து இறக்க வழியில்லை என்றால் அங்கே வெள்ளை இறால்தான் என் முதல் தேர்வு, அடுத்தது டைகர். இ.எச்.பி. என்ற நுண்ணுயிரி, வளர்ச்சியை முடக்கி ஒரே குளத்தில் பல அளவு இறாலை உண்டாக்கும். அதுவும் உப்பு குறைந்த தண்ணீரைவிட உப்பு கூடிய தண்ணீரில்தான் அதிகம் தொற்றுகிறது. வனாமியை அங்கே விட இதுவும் தயக்கம் தருகிறது.

பழவேற்காடு, முத்துப்பேட்டை போன்ற இடங்களில் ஓடைத் தண்ணீரை ஏற்றி வளர்ப்பவர்களுக்கு உப்பு நிலையாக நிற்பதில்லை. ஒரு கோடை மழையில் 8, 10 பிபிடி விழலாம். மழைத் தண்ணீர் லேசானது, மேலே படலமாக நிற்கும். கீழே உப்புத் தண்ணீர் காற்றுப் படாமல் அடைபட்டுப் போகும். வெயில் இல்லாததால் பாசி செத்து, அழுகும்போது ஆக்சிஜனையும் தின்கிறது. குளிர்ந்த மேல்மட்டத்தை விட்டு இறால் கீழே இறங்கி, ஆக்சிஜன் இல்லாத தரையிலேயே கூட்டமாக ஓடு கழற்றும். மதகின் மேல் பலகையை எடுத்து மேல்தண்ணீரை வடிப்பதும், பகலிலும் ஏரேட்டரை ஓட்டுவதும், தீவனத்தைப் பாதியாக்குவதும், சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருப்பதும் எந்த இறாலானாலும் செய்ய வேண்டியவைதான். இப்படிப்பட்ட குளத்துக்கு 8 முதல் 10 அடர்த்தியில் டைகர் என்பது என் தீர்மானம், தரை சுத்தமாக இருந்தால். தரை மோசம் என்றால் 20 அடர்த்தியில் வனாமி.

3 முதல் 5 பிபிடி போர் தண்ணீர் மட்டுமே உள்ள குளத்துக்கு வனாமிதான், அதில் சந்தேகம் இல்லை. குஞ்சு பி.எல். 10 (இளங்குஞ்சுப் பருவத்தின் பத்தாம் நாள்) ஆவதற்கு முன் 4 பிபிடிக்குக் கீழே கொண்டுவர வேண்டாம், இன்னும் குறைந்த உப்பு என்றால் பி.எல். 15 வரை காத்திருப்பது நல்லது, அதற்குள் செவுள் முழுமையாகியிருக்கும். ஆனால் அந்தக் குளம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நெல் வயலை வெட்டி இறால் குளமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நெல் நிலங்களுக்கு நடுவே இறால் வளர்ப்பதைத் தாய்லாந்தும் 1998-ல் தடுத்தது. குறைந்த உப்பு என்றாலும் அறுவடையன்று வெளியேறும் தண்ணீர் பக்கத்து வயலின் பயிரைக் கருக்கும், குடிநீர்க் கிணற்றில் இறங்கும். வனாமியின் தாங்கும் திறனை அண்டை வீட்டுக்காரரின் நிலத்தில் சோதிக்க யாருக்கும் உரிமை இல்லை.

கடைசியாகக் காலம். டெல்டாவில் ஐப்பசி முதல் மார்கழி வரை மூன்று மாதம் உப்பு விழுகிறது, வெயில் இல்லை, குளத்து வெப்பமும் 25 முதல் 28 டிகிரிக்குள் சுற்றுகிறது. வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு மிகவும் பிடித்த வெப்பம் அது. 32 டிகிரிக்கு மேல் நிலையாக வைத்த ஆய்வகத் தொட்டிகளில் அதே வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையைத் தாக்கியதும் இதே பருவத்தில்தான். இந்த மாதங்களைத் தாங்கும் இறால் எது என்று கேட்டால், மூன்றிலும் எதையும் சொல்ல மாட்டேன். மாசியில் விட்டு ஆனியில் பிடிக்கலாம், தேவையானால் ஆடியில் ஒரு குறுகிய சுற்று. அதைப் புரட்டாசி முடிவதற்குள் பிடித்துவிட்டுத் தண்ணீரை வடித்து, அடைமழைக்கு முன் கிடைக்கும் வெயிலில் தரை வெடிக்கும் வரை காயவிடுங்கள். இ.எச்.பி. வந்த குளமாக இருந்தால், காய்ந்த தரையை உழுது ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, மண்ணின் பி.ஹெச். 12 தாண்டுகிறதா என்று அளந்து பாருங்கள்.